பொன் தேடும் உரிமையும் குழி மூடும் கடமையும்

"எத்தனை பவுன்?" என்ற வினா எழாமல் ஒரு திருமணப் பேச்சு நடந்தேறுவது இக்காலத்தில் அரிதாகிவிட்டது. அதன் நன்மை தீமைகள் வேறொரு கட்டுரைக்குரியவை. ஆனால் அந்தப் 'பவுன்' எனும் சொல் எங்கிருந்து நம் இல்லங்களுக்குள் நுழைந்தது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. இங்கிலாந்து நாட்டின் ஒரு 'பவுண்டு' மதிப்புடைய பொற்காசே நம் நாவில் பவுன் ஆயிற்று. ஏறத்தாழ எட்டுக் கிராம் கொண்ட அக்காசின் எடையே பின்னர் நகைக் கடைகளின் அளவாகவும் நிலைபெற்றது. அக்காசுகள் இலண்டன் மாநகரில் மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. சிட்னியில் 1855ஆம் ஆண்டிலும், மெல்போர்னில் 1872ஆம் ஆண்டிலும், பெர்த்தில் 1899ஆம் ஆண்டிலும் நாணயச் சாலைகள் திறக்கப்பட்டு, ஆஸ்திரேலிய மண்ணில் எடுத்த பொன் அங்கேயே காசாக்கப்பட்டது. அவற்றுள் ஏராளமானவை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தன. நம் பாட்டிமார்களின் காசு மாலைகளில் கோக்கப்பட்டவற்றுள் அவையும் சில இருந்திருக்கலாம்.

அப்பொன் விளைந்த மண்ணில் இன்றளவும் விந்தையான வழக்கம் ஒன்று நிலவுகிறது. விக்டோரியா மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோ, பணி ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவரோ, வார விடுமுறையில் தம் மனைவி மக்களுடன் அரசுக்குச் சொந்தமான காட்டுக்குச் செல்வார். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, உலோகத்தை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியைத் தரையை ஒட்டி இப்படியும் அப்படியும் வீசியவாறு நடப்பார். ஓசை கேட்ட இடத்தில் சிறு மண்வெட்டியால் தோண்டுவார். பெரும்பாலும் கிடைப்பவை துருப்பிடித்த ஆணியும் துப்பாக்கி ரவையும் தகர மூடியுமே. எப்போதேனும் ஒரு நாள் பயறளவு பொன் கிடைக்கும். அப்பொன் அவருக்கே சொந்தம். அரசு அதில் பங்கு கேட்பதில்லை.

நம் நாட்டினருக்கு இது நம்ப முடியாத செய்தியாகத் தோன்றும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, உரிமம் பெறாது கனிமம் தேடுவதே இந்தியாவில் சட்ட விரோதம். பொழுதுபோக்காகப் பொன் தேடுவது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவிலோ அதற்கென ஒரு சிறு சீட்டு வழங்கப்படுகிறது. அதன் பெயர் 'மைனர்ஸ் ரைட்'. நம்மூர் மைனர்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை; 'சுரங்கத் தொழிலாளியின் உரிமை' என்பதே பொருள். சாதாரண அனுமதிச் சீட்டு ஒன்றுக்கு 'உரிமை' என்று பெயர் சூட்டியிருப்பது கவனத்துக்குரியது. அப்பெயருக்குப் பின்னால் இரத்தம் சிந்திய வரலாறு ஒன்று இருக்கிறது.

முப்பது ஷில்லிங் வரி

1851ஆம் ஆண்டில் விக்டோரியாவில் பொன் இருப்பது வெளிப்பட்டதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே திரண்டனர். பாலரட், பெண்டிகோ ஆகிய ஊர்கள் கூடாரங்களால் நிறைந்தன. மண்ணுக்கு அடியிலுள்ள பொன் அனைத்தும் பிரிட்டிஷ் அரசுக்குரியது எனப் பிரகடனம் செய்த ஆளுநர் லா ட்ரோப், அதைத் தோண்ட விரும்புவோர் மாதந்தோறும் முப்பது ஷில்லிங் செலுத்தி உரிமம் பெற வேண்டும் என ஆணையிட்டார். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணம் கட்டியே தீர வேண்டும். பல வாரங்கள் குழிக்குள் இறங்கிச் சேற்றை மட்டுமே கண்டவனும் முப்பது ஷில்லிங், கட்டி கட்டியாக எடுத்தவனும் முப்பது ஷில்லிங்! நில உரிமையும் வாக்குரிமையும் இல்லாத மக்கள்மீது சுமத்தப்பட்ட இவ்வரி 1853இல் சற்றே குறைக்கப்பட்டதெனினும் அதன் கொடுமை குறையவில்லை. உரிமச் சீட்டைச் சோதிக்கக் காவலர்கள் குதிரைகளில் வந்து, குழிக்குள் இருப்பவரை மேலே வரச் செய்து, சீட்டு இல்லாதவரை விலங்கிட்டு இழுத்துச் செல்லும் வழக்கம் மக்களைக் கொதிப்படையச் செய்தது. சீட்டு சட்டைப்பையில் நனைந்து கிழிந்துபோயிருந்தாலும் தண்டனைதான்.

1854ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பாலரட்டில் கூடிய மக்கள் தம் உரிமச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். பீட்டர் லாலர் என்ற ஐரிஷ்காரரின் தலைமையில், யுரேக்கா எனும் இடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி ஓர் அரணை எழுப்பினர். டிசம்பர் 3ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அரசுப் படை அதைத் தாக்கியது. சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. பொன் தேடியோர் தரப்பில் குறைந்தது 22 பேரும் படைவீரர்கள் சிலரும் மாண்டனர். லாலர் தம் இடக்கையை இழந்தார். பதின்மூவர்மீது இராஜதுரோக வழக்கு தொடுக்கப்பட்டது; மெல்போர்ன் நடுவர் குழுவினர் ஒருவரைக்கூடக் குற்றவாளி எனச் சொல்ல மறுத்துவிட்டனர்.

அதன் விளைவாகவே 1855இல் மாத உரிமம் ஒழிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் 'மைனர்ஸ் ரைட்' பிறந்தது. அதைப் பெற்றவர் அரசு நிலத்தில் ஒரு துண்டைத் தமக்கெனக் குறித்துக்கொண்டு தோண்டலாம், அங்கே குடிசை கட்டி வாழலாம், தேர்தலில் வாக்கும் அளிக்கலாம். அரசின் வருவாய்க்கு ஈடாக, வெளியே செல்லும் பொன்னின்மீது வரி விதிக்கப்பட்டது. அதாவது கிடைத்தவன் கட்டட்டும், கிடைக்காதவனை விட்டுவிடுவோம் என்ற நியாயம் நாற்பது மாத காலக் கண்ணீருக்குப் பின்னரே ஆட்சியாளருக்குப் புலப்பட்டது. கை இழந்த லாலரோ பிற்காலத்தில் விக்டோரியச் சட்டமன்றத்தின் சபாநாயகராகவே வீற்றிருந்தார்!

ஒட்டகம் வேண்டும், ஒட்டகக்காரர் வேண்டாம்

இவ்வளவு போராடிப் பெற்ற உரிமை எல்லோருக்கும் கிட்டியதா என்றால், இல்லை. அதே 1855ஆம் ஆண்டிலேயே விக்டோரியத் துறைமுகங்களில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண்டு தலைவரி விதிக்கப்பட்டது. அதைத் தவிர்ப்பதற்காக ஆயிரக்கணக்கான சீனர்கள் அண்டைப் பகுதியான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகவே பொன் வயல்களை அடைந்தனர். அவ்வாறு நடந்து சென்ற ஒரு கூட்டத்தார் வழியில் கண்டெடுத்த பொன்னால்தான் 1857இல் அராரட் என்ற ஊர் உருவாயிற்று.

நம் சமுதாயத்தாருக்கு நெருக்கமான வரலாறு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1892ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்தர் பெய்லி என்பவர் 554 அவுன்சுப் பொன்னைக் கொண்டுவந்து காட்ட, கூல்கார்டி பொன் வயல் உலகறிந்தது. மறு ஆண்டே பேடி ஹானனும் அவர்தம் கூட்டாளிகளும் கல்கூர்லியில் பொன் கண்டனர். ஆனால் அது ஆறில்லாத, மழையில்லாத, புல்லில்லாத நிலம். குதிரைகளும் எருதுகளும் தாகத்தால் சுருண்டு விழுந்தன. பொன் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை.

அந்நிலத்தைப் பிழைக்கவைத்தவை ஒட்டகங்கள். அவற்றைக் கொண்டுவந்து நடத்தியவர்களோ ஆப்கானிஸ்தானம், பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள். 1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காக வந்த ஒட்டகங்களுடன் தொடங்கிய இவ்வருகை, 1866இல் தாமஸ் எல்டர் என்ற செல்வர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை அவற்றின் பாகர்களுடன் வரவழைத்ததும் பெருகியது. மொத்தத்தில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரையிலான ஒட்டகக்காரர்கள் வந்திருக்கக்கூடும் என்பது வரலாற்று ஆய்வாளர் மதிப்பீடு. எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் வெள்ளையர் அவர்களை 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். அரை டன் அளவுக்குச் சுமை தாங்கும் ஒட்டகங்களில் தண்ணீர், மாவு, இரும்பு, தபால் மூட்டை என அனைத்தையும் அவர்கள் பாலைவனத்தின் குறுக்கே சுமந்து சென்றனர். ஃபைஸ், தாஜ் முஹம்மது எனும் சகோதரர்கள் அவ்வணிகத்தில் பெயர் பெற்று விளங்கினர்.

ஊரின் ஓரத்திலேயே அவர்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. தகரத்தாலான எளிய பள்ளிவாசலை அமைத்துக்கொண்டு, தம் மார்க்க முறைப்படி அறுத்த இறைச்சியையே உண்டு, தண்டும் மதுவும் சூதாட்டமும் மலிந்த பொன் வேட்டை நகரங்களின் நடுவே அவர்கள் ஐவேளைத் தொழுகையைப் பேணி வாழ்ந்தார்கள். பெர்த் நகரின் வில்லியம் தெருவில் 1905இல் அடிக்கல் நாட்டப்பட்ட பள்ளிவாசல் இவ்வொட்டகக்காரர்களும் வணிகர்களும் திரட்டிய பொருளால் எழுந்ததே. இன்றும் அங்கே தொழுகை நடைபெறுகிறது.

எனினும், பொன் வயலுக்கு உணவும் நீரும் சுமந்த அக்கைகள் பொன்னைத் தோண்டக் கூடாது! ஆசிய, ஆப்பிரிக்க அந்நியருக்கு மைனர்ஸ் ரைட் வழங்கலாகாது என்று மேற்கு ஆஸ்திரேலியாவின் 1895ஆம் ஆண்டுப் பொன்வயல் சட்டம் விதித்தது. ஒட்டகத்தின் முதுகில் வந்த தண்ணீரைக் குடித்தவர்களே அச்சட்டத்தை ஆதரித்தார்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அமைந்ததும் இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் புதியவர்கள் வரும் வழியையும் அடைத்தது. 1903இல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட குழாய் வழியே பெர்த் பகுதியிலிருந்து கல்கூர்லிக்குத் தண்ணீர் வந்து சேர, ஒட்டகத்தின் தேவையும் மெல்லக் குறைந்தது.

இன்று நிறமோ நாடோ மதமோ பாராமல் அச்சீட்டு வழங்கப்படுகிறது. மெல்போர்னிலும் பெர்த்திலும் குடியேறியுள்ள நம் உறவினர்கள் அதைப் பெறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. வெறும் பொழுதுபோக்குச் சீட்டாக அது தோன்றினாலும், அதைக் கையில் ஏந்துவோர் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சீட்டின் மறுபக்கம்

விக்டோரியாவில் இச்சீட்டின் கட்டணம் முப்பது டாலர் அளவிலேயே உள்ளது; பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். 1990ஆம் ஆண்டின் கனிம வளச் சட்டம் இதை நெறிப்படுத்துகிறது. சீட்டு மலிவு, அதனோடு வரும் நிபந்தனைகள்தாம் கனமானவை.

முதலாவது, கருவி. கையால் இயக்கும் கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம். பிக்காசு, மண்வெட்டி, சல்லடை, மண் அலசும் தட்டு, உலோகம் உணரும் கருவி ஆகியவற்றுக்குத் தடையில்லை. இயந்திரத்தால் மண் தோண்டுவதும் வெடி வைப்பதும் அறவே கூடா. இதன் காரணம் எளிது. ஒரு மனிதன் தன் தோள் வலிமையால் ஒரு நாளில் புரட்டக்கூடிய மண் எவ்வளவு? அவ்வளவு சேதத்தைப் பூமி தாங்கிக்கொள்ளும். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் செய்யும் சேதத்தை ஒரு தலைமுறையாலும் ஆற்ற முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருஞ் சுரங்கங்கள் வெளியேற்றிய சேறு ஆறுகளில் இறங்கி, கீழ்ப்பகுதி விளைநிலங்களை மூடி நாசமாக்கியதை அம்மாநிலம் அனுபவித்து அறிந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இதே கவலை எழுந்தது. ஆற்றடி மண்ணை இயந்திரக் குழாயால் உறிஞ்சிப் பொன் பிரிக்கும் முறை 2009இல் அங்கே நிறுத்தப்பட்டது. பழைய காலத்தில் பொன் பிரிக்கப் பயன்பட்ட பாதரசம் ஆற்றின் அடியில் உறங்கிக் கிடக்க, அதை எழுப்பிவிடுவானேன் என்பதே அங்குள்ள முக்கியமான வாதங்களுள் ஒன்று. நம்மூர்ப் பொற்கொல்லர்களுக்குப் பாதரசத்தின் குணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, இடம். 'பொது நிலம்' என்றால் அரசுக்குரிய அத்தனை நிலமும் என்று எண்ணிவிடலாகாது. தேசியப் பூங்காக்களில் பொதுவாகப் பொன் தேட முடியாது. பெண்டிகோ பெரும் தேசியப் பூங்கா போன்ற சிலவற்றில் மட்டும், குறிக்கப்பட்ட எல்லைக்குள் அனுமதி உண்டு. மாநிலப் பூங்காக்களுக்கும் இவ்வாறே வரையறை இருக்கிறது. பல ஓடைகளும் ஆறுகளும் தடைப் பட்டியலில் உள்ளன. தனியார் நிலமாயின் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வேறொருவர் சுரங்க உரிமம் பெற்றுள்ள நிலமாயின் அவர் சம்மதம் வேண்டும். வெறும் ஆய்வு உரிமம் மட்டுமே உள்ள நிலத்திலோ சம்மதமின்றியே தேடலாம். இவ்வேறுபாடு அறியாமல் அகப்பட்டுக்கொள்வோர் இருக்கக்கூடும். எந்த நிலம் யாருக்குரியது என்பதைக் காட்டும் வரைபடத்தை அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதால், தெரியாது என்று சொல்வதற்கு அங்கே வழியில்லை.

மூன்றாவது, குழி. இக்கட்டுரை எழுதத் தூண்டியதே இந்நிபந்தனைதான். தோண்டிய குழியைத் தோண்டியவரே மூட வேண்டும். நாளை வந்து மூடுவேன் என்பதற்கு இடமில்லை. எழுந்து நடக்குமுன் மண்ணைத் தள்ளி, மிதித்து, மேலே கிடந்த சருகையும் பரப்பிவிட்டுச் செல்வதே நல்ல பழக்கம். மரத்தையோ செடியையோ வெட்டலாகாது. வேரைக் குடைந்து சாய்க்கலாகாது. மூடாத குழியில் இரவில் கங்காரு கால் இடறும். மேய வரும் ஆடு விழும். குதிரையில் வருபவர் கவிழ்வார். கையளவுக் குழிதானே என்று அலட்சியம் செய்வோர் சிலரே. ஆனால் அச்சிலரின் குழிகளைக் காட்டித்தான் எல்லோருக்கும் காட்டை மூடிவிட வேண்டும் என்ற வாதம் வலுப்பெறுகிறது. நேர்மையாகத் தேடுவோருக்கு அவர்கள் இழைக்கும் தீங்கு, காட்டுக்கு இழைக்கும் தீங்கினும் பெரிது என்றே சொல்லத் தோன்றுகிறது.

குடும்பத்துடன் செல்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பழைய பொன் வயல்களில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. புதரும் சருகும் மூடியிருக்க, காலடியில் பல மீட்டர் ஆழம் காத்திருக்கும். பிள்ளைகளை ஓடி விளையாட விடத்தக்க இடமல்ல அது. மேலும் பெண்டிகோ, பாலரட் வட்டாரங்களில் பழைய சுரங்கக் கழிவு மண் மேடுகளில் ஆர்சனிக் எனும் நஞ்சு கலந்திருப்பது அறியப்பட்ட உண்மை. அம்மண்ணைக் கிளறிய கையோடு உண்ணலாகாது. வீட்டுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றி, கைகளை நன்கு கழுவுதல் வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் விதிகள் வேறு. 1978ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி அங்கே வழங்கப்படும் மைனர்ஸ் ரைட்டுக்குக் கால வரம்பே இல்லை; ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுதும் செல்லும். ஆனால் மாதிரியாக எடுத்துச் செல்லும் கனிமத்துக்கு 20 கிலோ என்ற வரம்பு உண்டு. கால்நடைப் பண்ணைக்குக் குத்தகை விடப்பட்ட நிலத்தில் நுழைவதற்கு முன் குத்தகைதாரருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு ஆய்வு உரிமம் அளிக்கப்பட்ட நிலமாயின் தனி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அது மூன்று மாதம் மட்டுமே செல்லும், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் தோண்டலாகாது. பூர்வ குடிகளின் ஒதுக்கீட்டு நிலத்தில் நுழையவும் தனி அனுமதி வேண்டும். விதியைக் காட்டிலும் கடுமையானது வெயில். ஒட்டகக்காரர்கள் கடந்த அதே நிலம். இன்றும் வழி தவறினால் தண்ணீர் கிடையாது. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எவரிடமேனும் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும் என்று அங்குள்ள அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதனால்தான்.

வேருக்கடியில் கிடந்த செல்வம்

இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு, பயறளவு பொன்னுக்காக மக்கள் ஏன் அலைகிறார்கள்? 1869ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் மோலியாகுல் என்ற சிற்றூரில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவருக்குக் கிடைத்ததை அந்நாட்டு மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஒரு மரத்தின் வேரருகே, மண்ணுக்கு ஓர் அங்குல ஆழத்திலேயே, எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட பொன்கட்டி ஒன்று கிடந்தது. அதை நிறுக்கத்தக்க தராசு வங்கியில் இல்லாமையால், கொல்லனிடம் கொண்டுபோய் உடைத்தே நிறுத்தார்கள்! உலகில் இதுகாறும் கிடைத்த பொன்கட்டிகளுள் மிகப் பெரியதாக அது கருதப்படுகிறது.

அது பழங்கதை எனலாம். ஆனால் 1980ஆம் ஆண்டில், உலோகம் உணரும் கருவிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், கெவின் ஹில்லியர் என்பவர் அதே விக்டோரியாவின் கிங்கோவர் எனும் ஊரில் 27 கிலோவுக்கு மேற்பட்ட பொன்கட்டியை அக்கருவியின் துணையாலேயே கண்டெடுத்தார். 'நம்பிக்கையின் கை' என்று அதற்குப் பெயரிட்டனர். பத்து இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது எது தெரியுமா? லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதி ஒன்று. அப்பெயர் தாங்கிய பொன் போய்ச் சேர்ந்த இடத்தை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. எப்படியாயினும், சாதாரண மனிதருக்கும் வாய்ப்பு உண்டு என்ற எண்ணத்தை அது மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடச் செலவழித்த பெட்ரோலுக்கு ஈடாகப் பொன் கிடைக்குமா என்பது ஐயமே. காட்டுக் காற்றும், பிள்ளைகளுடன் கழித்த பகலும், மண்ணைக் கிளறும்போது எழும் எதிர்பார்ப்பும் அவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

தலைகீழான நாடு

பொது நிலம், அரசு நிலம் என்று நாம் சொல்லிக்கொண்டே வருகிறோம். அந்நிலம் அரசுக்கு எப்படி வந்தது என்று கேட்பதற்கு உரிமையுள்ள மக்கள் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். பெண்டிகோ வட்டாரத்தின் பூர்வ குடிகளான ஜா ஜா வுரங் மக்கள், பொன் வேட்டையால் குடையப்பட்டு அடி மண் மேலாகவும் மேல் மண் அடியாகவும் மாறிப்போன தம் நிலத்தைத் தலைகீழான நாடு என்று குறிப்பிடுகிறார்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் விறகாக எரிக்கவும் அங்கிருந்த யூகலிப்டஸ் காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. நம்மூரில் தைலமரம் என வழங்கும் இனத்தைச் சேர்ந்தவை அவை; இன்று அங்கே நிற்பவற்றுள் பெரும்பகுதி அதன்பின் துளிர்த்தவையே. 2013இல் விக்டோரிய அரசு அம்மக்களுடன் ஓர் உடன்படிக்கை செய்து, அந்நிலத்தின் மரபுவழி உரிமையாளர் அவர்களே என ஏற்றுக்கொண்டது.

பொன் தேடுவோரின் சீட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் பூர்வ குடிகள் மரபுச் சின்னச் சட்டப்படி, அவர்தம் முன்னோரின் கற்கருவிகளையோ, பட்டை உரித்த வடுவுடன் நிற்கும் முதுமரங்களையோ, பாறையில் குடைந்த நீர்க்குழிகளையோ சேதப்படுத்துவது குற்றம். மைனர்ஸ் ரைட் கையில் இருப்பது அதற்கு விலக்கு ஆகாது. பொன் தேடித் தோண்டும்போது கூரிய கல்லாயுதம் ஒன்று தட்டுப்பட்டால் அதை இருந்த இடத்திலேயே விட்டு விலகிச் செல்ல வேண்டும். பொன்னை எடுத்துக்கொள்ளலாம், கல்லைத் தொடக் கூடாது! வெளியாருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். தம் முன்னோர் அடக்கமான கபுருஸ்தானின் மண்ணை அந்நியர் கிளறினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு அதன் நியாயம் விளங்கும்.

இவையெல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்ற களம் ஒன்று இப்போது விக்டோரியாவில் உருவாகியிருக்கிறது. மாநிலத்தின் மத்திய மேற்குக் காடுகளில் புதிய தேசியப் பூங்காக்களை அமைக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் மதிப்பீட்டு மன்றம் 2019இல் பரிந்துரை செய்தது. வோம்பட்–லெர்டர்டெர்க், மவுண்ட் புவாங்கர், பிரனீஸ் ஆகிய மூன்று பூங்காக்களை அமைக்க 2021இல் அரசு இசைந்தது. அரிய பறவைகளும் மரப் பொந்தில் வாழும் சிறு விலங்குகளும் மிஞ்சியிருக்கும் சில இடங்களுள் இவை அடங்கும் என்பது காடு காப்போர் தரப்பு. தேசியப் பூங்கா என்ற பெயர் வந்த மறுநாளே தம் முன் கதவு சாத்தப்படும் என்பது பொன் தேடுவோர் தரப்பு. யுரேக்காவில் மாண்டவர்கள் வாங்கித் தந்த உரிமையைப் பேனா முனையால் பறிக்கலாமா என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

இருதரப்பின் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் யுரேக்காவை இவ்விவாதத்துக்கு இழுப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. அன்று போராடியவர்கள் கேட்டது பிழைப்புக்கான வழியையும், வரி வாங்கும் அரசில் தமக்கொரு குரலையும். இன்று கேட்கப்படுவது ஓய்வு நாளைக் கழிக்க ஓரிடம். அதுவும் நியாயமான விருப்பமே, ஆனால் அதன் எடை வேறு. பெண்டிகோ பூங்காவில் செய்ததைப் போன்று, பறவைகள் முட்டையிடும் பகுதியை விலக்கிவிட்டு, ஏற்கெனவே ஆயிரம் முறை புரட்டப்பட்ட மண்ணைத் தேடுவோருக்குத் திறந்துவைப்பது இயலக்கூடியதே. எந்தக் கோடு எங்கே செல்ல வேண்டும் என்பதை வரைபடத்தில் குறிப்பதில்தான் சச்சரவு. அக்கோட்டை வரையும் மேசையில் காடு காப்போரும் பொன் தேடுவோரும் மட்டுமன்றி, நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் யாராலும் கேட்கப்படாத பூர்வ குடி மக்களும் இப்போது அமர்ந்திருக்கிறார்கள்.